அண்ணன் நன்மை வாங்காத தவக்காலம்

1

கை கட்டிக்கொண்டு போன ஒரே காரணத்தால் என் அண்ணன் சூசைராஜுக்கு இங்கிலாந்தில் நன்மை கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் காரணம் என்னவென்று எனக்குத் தெரிய வருவதற்குள் அது சிரிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பூசையில் சாமியார் கையிலிருந்து வாங்குகிற அப்பத்தை எங்கள் பக்கத்தில் நன்மை என்போம். சாவான பாவம், அதாவது பெரிய பாவம் உள்ளவன் அதை வாங்கக் கூடாது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் சொல்கிற அபராதத்தைத் தீர்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கோயிலில் எல்லோரும் எழுந்து போகும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், பூசை முடிவதற்குள் ஊர் அதற்கு ஏழெட்டுக் காரணம் கண்டுபிடித்துவிடும்.

நேற்று விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன். மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடன் வேலை செய்கிற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது என்று ஈரத்தாளை நீட்டினாள். மனிதன் மண் என்று நினைவூட்டுகிற அடையாளம் அது என்று விளக்கப் போனேன். என் ஆங்கிலம் எப்படிப் போய் முடிந்ததோ, எனக்கு ஏதோ தீராத வியாதி என்று அவள் முடிவு கட்டி, மத்தியானம் வரைக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் இதே தவக்காலத்தில் அண்ணன் எங்களோடு இருந்தார். அதைப் பற்றி எழுதலாமா என்று நேற்றே தொலைபேசியில் கேட்டேன். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

"எழுது. பேரோடயே எழுது" என்றார்.

2

எங்கள் கிராமம் கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன்தான் சாகுபடி செய்கிறார். அறுபதைத் தாண்டியவர். குடி, சீட்டு, புகை எதுவும் கிடையாது. ஜெபமாலை சொல்லாமல் படுக்க மாட்டார். தவக்காலம் முழுக்கக் கவுச்சி தொட மாட்டார். கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப்பேரவையில் அவர்தான் துணைத் தலைவர். எந்தப் பிள்ளையைத் திருத்துவதாக இருந்தாலும் 'சூசையைப் பாரு' என்பார்கள். அப்படித் திருத்தப்பட்ட முதல் பிள்ளை நான். அதனால் அவர் மேல் எனக்கு மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தேதான் இருந்து வந்திருக்கின்றன.

சம்பா அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் இருக்கிற இடைவெளியில் அவரை இங்கே வரவழைத்தேன். விசாவுக்கு நாங்கள் பட்ட பாடு தனி. திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தோம். அண்ணனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"பயிர விட்டுட்டு எவன்டா அங்க வந்து உக்காருவான்?" என்றார்.

வந்து இறங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே என்னுடைய பழைய கம்பளிக் கோட்டு என்று கோயிலுக்குக் கிளம்பினார். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அன்று வேலை. நானும் அண்ணனும் என் மகள் ரீனாவும் போனோம். ரீனாவுக்குப் பதினேழு வயது. கோயிலுக்கு வருகிறாள், அவ்வளவுதான். பாட்டுப் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்பதால் நான் கேட்பதில்லை.

இங்கே நன்மைக்கு வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். எனக்குப் பின்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் ரீனா. நான் வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்து முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முழந்தாளிடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். குளிரில் முட்டி வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்றார். தவக்காலம்தானே என்று விட்டுவிட்டோம்.

3

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் நிலக்கரிப் படகுகள் போவதற்காக வெட்டியது. இப்போது வாத்துகளும், ஓய்வு பெற்றவர்களின் படகு வீடுகளும் மிதக்கின்றன. வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு அதைப் பார்த்தால் பொறுக்கவில்லை.

"இது எங்க பாயுது?"

"எங்கயும் பாயாதுண்ணே. படகு போறதுக்கு வெட்டினது."

"இவ்வளவு தண்ணி, ஒரு மா நிலம்கூட பாயாம சும்மா கெடக்குதா?"

அந்த வாரத்தில் ஒரு மாலை அதன் கரையில் நடந்துகொண்டிருந்தோம். மூன்று நாளாகவே அவர் சரியாகப் பேசவில்லை. ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். அதைக் கேட்கலாமென்று நான் வாயெடுப்பதற்குள் அவரே நின்றார்.

"அந்தச் சாமியாரு எனக்கு நன்மை குடுக்கலடா தம்பி."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தலையில கைய வெச்சாரு. ஏதோ சொன்னாரு. அடுத்த ஆளப் பாத்துட்டாரு. போடான்னு வாய் விட்டுச் சொல்லல, அவ்வளவுதான்."

"இருக்காதுண்ணே. உங்கள யாருன்னே அவருக்குத் தெரியாது."

"அதாண்டா எனக்குப் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க ஒருத்தரும் இத்தன வருஷத்துல என்னைத் தடுக்கல. தெரியாத மனுஷன் தடுத்துட்டாரு."

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்தான் பாவசங்கீர்த்தனம் செய்ததாகச் சொன்னார். கோபப்பட்டது, பூசையில் தூங்கியது, அண்ணியிடம் பொய் சொன்னது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லியாயிற்று. இந்த மூன்று நாளாகப் பத்துக் கட்டளையையும் மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். முதல் நாள் எதுவும் அகப்படவில்லை. இரண்டாம் நாளும் இல்லை.

"நேத்து ராத்திரிதான் பாக்கியம் ஞாபகம் வந்தா" என்றார்.

பாக்கியம் எங்கள் ஊர் காலனியைச் சேர்ந்த ஆரோக்கியசாமியின் மனைவி. ஆரோக்கியசாமி அண்ணன் வயதுக்காரர். ஒரே ஞானோபதேச வகுப்பில் இருந்து, ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெருமழைக் காலத்தில் பாக்கியம் இறந்துபோனார் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் கோயில் ஒன்று, கல்லறைத் தோட்டம் இரண்டு. மேலத்தெருவில் இருக்கிற எங்களுக்குக் கோயிலை ஒட்டி. காலனிக்காரர்களுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் எங்கள் மேலிருந்து போகாத அழுக்கு ஒன்று இருந்தது. அதற்குச் சாதி என்று பெயர். இதை நான் அயல்நாட்டில் உட்கார்ந்து எழுதுவது சுலபம் என்று எனக்கும் தெரியும்.

அந்த மழையில் வாய்க்கால் கரை உடைந்து, மூங்கில் பாலம் போய்விட்டது. காலனியிலிருந்து கல்லறைக்குப் போக நனையாத வழி ஒன்றுதான் இருந்தது. மேலத்தெருவுக்குள் வந்து, அண்ணனுடைய களத்தைக் கடந்தால் மதகு. மதகின் மேல் நடந்தால் மறுகரை. பாக்கியத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு களத்து வேலி வரைக்கும் வந்துவிட்டார்கள். அண்ணன் படலைத் திறக்கவில்லை.

"ஆரோக்கியம் எதிர்ல நின்னான். 'ஐயா, ஒரே ஒரு தடவ விடுங்க, பொம்பள ஒடம்பு, தண்ணியில எறக்க மனசு வரல'ன்னான். தெருவே எனக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் விட்டா அப்புறம் அதுவே வழக்கமாயிடும்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"வாய்க்கால்ல எறங்கித் தூக்கிட்டுப் போனாங்க. நான் நின்னு பாக்கல. வீட்டுக்கு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கிச் சாயந்தரம் அவ ஆத்துமாவுக்காக நான் ஜெபமாலை சொன்னேன்டா தம்பி. முழங்கால் போட்டுச் சொன்னேன். மறைச்சு வெச்சிருந்தேன்னு நெனைக்காத. அது பாவம்னே எனக்குத் தோணல."

அவர் மேல் அருவருப்பு வந்தது. அதே நேரத்தில் அந்தக் கம்பளிக் கோட்டுக்குள் அவர் நடுங்குவதைப் பார்த்து அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போகலாம் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

4

அன்று அண்ணன் படுத்த பிறகு ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த ரீனா கேட்டுவிட்டாள்.

"ஆனா பெரியப்பாதான வேணாம்னு சொன்னாங்க?"

"எப்பச் சொன்னாரு?"

"கை கட்டிக்கிட்டுப் போனாங்கப்பா." தன் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக் காட்டினாள். "இப்படிப் போனா நன்மை வேணாம், ப்ளெஸ்ஸிங் போதும்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியும். இங்கே வந்த புதிதில் யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்பதே திமிர். கடவுளுக்கு முன்னால் போகும்போது கேட்க வேண்டியதே இல்லை. அண்ணன் தன் வாழ்நாள் முழுக்கக் கை கட்டித் தலை குனிந்துதான் நன்மை வாங்கியிருக்கிறார். அதைவிடப் பணிவாக நிற்க அவருக்குத் தெரியாது. அந்தப் பணிவைத்தான் இந்த ஊர்ச் சாமியார் மறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி" என்றாள் ஸ்டெல்லா.

"பெரியப்பாவும் என்னை மாதிரின்னு நெனச்சேன்மா. கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரீனா கிறிஸ்துமஸிலிருந்தே அப்படிக் கை கட்டிக்கொண்டுதான் போகிறாளாம். நான் முன்னால் போய் வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவன். என் வீட்டிலேயே ஒருத்தி நன்மை வாங்காமல் இருப்பது எனக்கே தெரியவில்லை.

"ஏன் ரீனா?"

"நம்பிக்கை இருக்கான்னு எனக்கே தெரியலப்பா. தெரியாம வாங்கறது தப்புன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அன்றைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கவலை போதும் என்று பேச்சை மாற்றினேன்.

மறுநாள் வேலை முடிந்து போய் ஃபாதரைப் பார்த்தேன். வயதானவர், நல்லவர். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். உன் அண்ணனை எனக்குத் தெரியாது, அவர் பாவமும் தெரியாது, அவருக்கு நான் கொடுத்தது ஆசீர்வாதம்தான் என்றார். தானே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இத்தனை வருஷப் பாவசங்கீர்த்தனமும், தவக்கால உபவாசமும், ஜெபமாலையும் தொடாத இடத்தை ஒரு தப்பான கை அசைவு தொட்டிருந்தது. வரப்பிரசாதம் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, நமக்கு எந்தப் பாத்தியதையும் இல்லாமல் கடவுள் சும்மா கொடுப்பது, அது இப்படியும் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதைப் போய் 'தப்பு நடந்துபோச்சு அண்ணே' என்று கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிசகை வைத்துக்கொண்டு கடவுள் வேலை செய்யக் கூடாதா?

ரீனா ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது பொய்ப்பா. பெரியப்பா உண்மையா ஃபீல் பண்றாங்க. நீங்க பொய்யா இருக்கீங்க."

அவளுடைய தமிழுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேராக வந்து முகத்தில் விழும்.

5

சனிக்கிழமை சொன்னேன். அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. முடித்ததும் சிரித்துவிட்டார்.

"அட, அவ்வளவுதானா! கையக் கட்டினதுக்கா?"

ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார். அன்று தோசையை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணிக்குத் தொலைபேசி போட்டு, 'இந்த ஊர்ல கையக் கட்டினா சோறு கெடையாதாம்' என்று கேலி பேசினார். பாக்கியம் என்ற பெயரை அவர் எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ரீனாவைப் பார்த்து, 'இப்ப சந்தோஷமா?' என்கிற மாதிரி முறைத்தேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஸ்டெல்லா அவருக்கு எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வலது கை கீழே, இடது கை மேலே, உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி செய்து காட்டினார். பயிர் பிடுங்கி, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. பிச்சை கேக்கற மாதிரி இருக்கே என்றார். அப்படித்தான் மச்சான் இருக்கணும் என்றாள் ஸ்டெல்லா.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வரிசையின் முறை வந்தது. இந்தத் தடவை ஸ்டெல்லா முன்னால் போனாள், அண்ணனை எனக்கு முன்னால் விட்டேன். அவர் எழுந்தார். வரிசையின் ஓரம் வரைக்கும் வந்தார். கையைக்கூட நீட்டத் தயாராக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டார். அப்புறம் அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை, பின்னால் இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று என்னை விலக்கிக்கொண்டு உள்ளே திரும்பி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. ரீனாவும் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவும் மகளும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

6

காரில் திரும்பி வரும்போது ரீனாதான் கேட்டாள்.

"பெரியப்பா, அன்னிக்கி அவங்கள ஏன் விடல?"

ஸ்டெல்லா அவளை அடக்கப் பார்த்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தாம்மா."

"அது தாத்தாவோட காரணம். உங்க காரணம் என்ன?"

வீட்டை நெருங்கிய பிறகுதான் பதில் வந்தது.

"தெருவுல என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றார். "அந்தச் சாமியாரு தெரியாமத்தான் தடுத்தாரு. சரி. நான் தெரிஞ்சேல்ல தடுத்தேன்."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. தவக்காலம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு கோயிலுக்கு வந்தார். நன்மை நேரத்தில் உட்கார்ந்தே இருந்தார். உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா அன்றும்கூட. கோயிலே பூவும் விளக்குமாக இருந்த அந்தக் காலையில் அவர் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நான் வேண்டுமானால் மொழிபெயர்க்கிறேன், இங்கேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆண்டவரு மன்னிச்சுடுவாருடா. அவருக்கு எரக்கம் ஜாஸ்தி. அதையே சாக்கா வெச்சுக்கிட்டு ஆரோக்கியத்துகிட்ட போகாம தப்பிச்சுக்குவேன். என்னை எனக்குத் தெரியும்."

பரிசுத்தமாக வாழ்கிறவர் என்று ஊரே சொன்ன மனிதர் இவர். தன்னைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

7

ஊருக்குப் போன வாரமே பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அபராதமாகச் சில மந்திரங்களைச் சொல்லச் சொன்னாராம். சொல்லி முடித்துவிட்டு நேரே தாசில்தார் ஆபீசுக்குப் போனார். களத்தின் ஓரமாக மதகு வரைக்கும் ஒரு பாதையைப் பொது வழியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மனுப் போட்டார். சர்வேயர் வருவதற்கே குறுவை நடவு முடிந்துவிட்டது. இலவசமாக நிலத்தை எழுதிக் கொடுக்கிறவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று அங்கேயும் சந்தேகப்பட்டார்களாம். பாதைக்கு மண் அடித்து, படலைப் பிடுங்கிப் போட்டார்.

மேலத்தெருவில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்து சூசைக்குப் புத்தி மாறிவிட்டது என்றார்கள். தம்பி வீட்டில் என்ன போட்டுக் கொடுத்தானோ என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பேரவையிலிருந்து அவரை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அவரே விலகிவிட்டார்.

இதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆரோக்கியசாமியின் வீட்டுக்குப் போனதுதான் பெரிது. வாழ்நாளில் முதல் தடவையாகக் காலனிக்குள் நடந்து போய், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஆரோக்கியசாமி உட்காரச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் கேட்டாராம்.

"வழி குடுத்திருக்கீங்க, நல்லதுங்கய்யா. இனிமே சாவறவங்க காய்ஞ்ச தரையில போவாங்க. பாக்கியம் போயிட்டா." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாதை திறந்த பிறகும், பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும், அண்ணன் நன்மைக்கு எழுந்து போகவில்லை. மாதக் கணக்கில் போகவில்லை. சாமியாரே கூப்பிட்டு, மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஒதுங்கி இருப்பது தேவ இரக்கத்தின் மேல் அவநம்பிக்கை என்று கண்டித்திருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நான் தொலைபேசியில் கேட்பேன். 'இல்லடா' என்பார். அதற்கு மேல் பயிர் பேச்சுக்குப் போய்விடுவார். அவர் இப்படியே நன்மை வாங்காமல் செத்துப்போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை ஸ்டெல்லாவிடம்கூட நான் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாள் ஐப்பசி மழையில் வரும். அதற்கு முந்தின வாரம் நல்ல மழை. வாய்க்கால் கரையைத் தொட்டு ஓடியது. அந்த வருஷம் காலனிக் கல்லறையிலும் சாமியார் பூசை வைத்தார். காலனி மொத்தமும் மெழுகுவர்த்தியும் பூவுமாக அண்ணனுடைய களத்து வழியாக மதகைக் கடந்து போனது. அண்ணன் வீட்டு வாசலில் நின்று எல்லோரும் போகிற வரைக்கும் பார்த்தார். பிறகு அந்தப் பாதையில் போகாமல் பின்பக்கமாக நடந்து, பழைய மூங்கில் பாலம் இருந்த இடத்துக்குப் போய் வாய்க்காலில் இறங்கினார். இதை அவர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவளத் தூக்கிட்டுப் போன வழியிலதான் நான் போகணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் யோசிக்கல. இடுப்புக்குத் தண்ணி. இழுப்பு ஜாஸ்தி. பாதி தூரம் போயிட்டேன். நிமிந்து பாத்தா அந்தக் கரையில ஆரோக்கியம் நிக்கறான். என்னையே பாத்துக்கிட்டு நிக்கறான். சத்தம் போடல, ஒண்ணும் இல்ல. எனக்கு அதுக்கு மேல கால் வெக்க முடியல. கையில இருந்த மெழுகுவத்திய மருமககிட்ட குடுத்தான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கி வந்தான். வந்து கைய நீட்டினான்.

"'புடி சூசை. அந்தப் பக்கம் வெக்காத, பள்ளம். அங்கதான் அவளத் தவற விட்டோம்'னான்.

"பெட்டி தண்ணிக்குள்ள போயிடுச்சாம் தம்பி. நாலு பேரு முங்கித் தூக்கியிருக்காங்க. எனக்கு அது தெரியாது. இத்தன வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லல. அவன் கையப் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னு அழுதுட்டேன். அவன் ஆறுதல் ஒண்ணும் சொல்லல. இழுத்துக்கிட்டுப் போயிக் கரையேத்தி விட்டான்.

"பூசையில பின்னால நின்னேன். தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு. நன்மை நேரம் வந்துச்சு. காலனி சனம் எல்லாம் வரிசையா போச்சு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். ஆரோக்கியம் வரிசையில நின்னுக்கிட்டு இருந்தவன் திரும்பிப் பாத்தான். அவனுக்கு முன்னால கொஞ்சம் எடம் விட்டான்.

"'போ'ன்னான்.

"போனேன்."